ரெண்டு நாள் பொறுங்க அண்ணி

கப்பலில் வாந்திபேதி கிளம்பி அன்றோடு நான்கு நாள். அந்த நான்கு நாளில் அவள் மொத்தமாகப் பதினாறு மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டாள். ஐந்தாம் தளத்திலும் ஆறாம் தளத்திலும் துப்புரவு பார்க்கும் ஒன்பது பேருக்கு அவள்தான் சூப்பர்வைசர். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிடுவார்கள்.

மாடிப்படிக் கைப்பிடி, லிஃப்ட் பொத்தான், கதவுக் குமிழ் என்று விரல் படுகிற எதுவானாலும் அரை மணிக்கு ஒரு தடவை மருந்துத் தண்ணீரால் துடைக்க வேண்டும். துடைத்ததை உலர்த்தக் கூடாது. பத்து நிமிஷம் ஈரமாகவே இருந்தால்தான் கிருமி சாகும். ஈரக் கைப்பிடியைத் தொட்டுவிட்டு முகம் சுளிக்கும் பயணிகள், வாசலில் இருக்கும் கிருமிநாசினி ஜெல்லை ஒரு சொட்டு தடவிக்கொண்டு, கை கழுவியாயிற்று என்று சாப்பிடப் போவார்கள். இந்தக் கிருமி ஜெல்லுக்கெல்லாம் மசியாது, சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். முந்தின நாள் ஒரு பெரியவரைத் தூக்குப்படுக்கையில் வைத்துக் கொண்டுபோனார்கள். தரையில் மண்டியிட்டிருந்த அவளைப் பார்த்து, உங்களுக்கு வேலை வைத்துவிட்டேன் என்று அவர் மன்னிப்புக் கேட்டார். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது.

பஃபேயில் பயணிகள் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்வதை நிறுத்தியிருந்தார்கள். பணியாளர்கள்தான் இடுக்கியால் எடுத்து வைத்தார்கள். ரொட்டிப் பக்கம் நின்றவன் அவள் தங்கையின் புருஷன். அவள் சொல்லித்தான் அவனுக்கு இந்த வேலை கிடைத்தது. எட்டு மாத ஒப்பந்தம் முடிந்து, இன்னும் இரண்டு நாளில் கப்பல் கரை சேர்ந்ததும் அவன் விமானம் ஏற வேண்டும். அவன் கப்பலில் இருந்தபோது பிறந்த பெண் குழந்தைக்கு இப்போது நாலு மாசம். போனில் முகம் பார்த்ததோடு சரி.

அன்று காலை பத்து மணிக்கு, பணியாளர்கள் கழிப்பறையைக் கழுவப் போனவள், உள்ளே ஓங்கரிக்கும் சத்தம் கேட்டு நின்றாள். கதவு திறந்து வந்தவன் அவன்தான். முகம் வெளிறி, சட்டைக் கழுத்து நனைந்திருந்தது.

"கடல் ஒத்துக்கல அண்ணி."

கடல் தாம்பாளம் மாதிரி அசையாமல் கிடந்தது. புயலிலேயே தட்டு சாயாமல் நடந்தவன் அவன். எப்போதிருந்து என்று கேட்டாள். இப்போதுதான், காலையில் இருந்து, என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சொன்னா ரூம்ல போட்ருவாங்க. நின்னப்புறமும் ரெண்டு நாள் வெளிய விடமாட்டாங்க. ஃப்ளைட் போயிரும். ரெண்டு நாள் பொறுங்க அண்ணி. கண்டும் காணாம இருந்துருங்க."

"நீ நிக்கிறது சாப்பாட்டுக்கிட்ட தம்பி."

"கிளவுஸ் போட்டுக்கறேன்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் நீயே போய் மருத்துவ அறையில் சொல்லிவிடு, தானாகப் போனால் அதற்கு ஒரு மரியாதை இருக்கும் என்றாள். அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நம்பிவிட அவளுக்கு ஆசையாக இருந்தது. கால் அப்படிக் கெஞ்சியது.

மத்தியானம் பஃபே பக்கம் போனபோது அவன் இடுக்கியும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எதிரே ஒரு சின்னப் பெண் தட்டை நீட்டி, பெரிய ரொட்டியைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவள் போகவில்லை. துணியை நனைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய், துடைத்த கைப்பிடியையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். மணி மூன்றாயிற்று. இதை மட்டும் அவள் பின்னால் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மணிக்கு மருத்துவ அறைக்குப் போனாள். நர்ஸ் எழுதிக்கொண்டே, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"என் தங்கச்சி வீட்டுக்காரர்."

நர்ஸ் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு போனை எடுத்தாள்.

கப்பல் கரை சேர்ந்த அன்று அவன் சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்தான். விமானம் போயிற்று. தங்கை போனில் அழுது தீர்த்தாள். விமானம் ஏறும்வரை பார்த்துக்கொள் என்று உன்னை நம்பித்தானே அனுப்பினேன் என்றாள். கடைசியாக, "நீ எனக்கு அக்காவா, அந்தக் கப்பலுக்கு அக்காவா?" என்று கேட்டாள். அவளுக்குச் சண்டை போடவும் தெம்பில்லை, சமாதானம் சொல்லவும் தெம்பில்லை. கொஞ்சம் தூங்கணும்டி என்றாள். தங்கை போனை வைத்துவிட்டாள்.

அடைத்து வைத்த நாலாம் நாள் அவனை வெளியே விட்டார்கள். அந்த அறையை வேறு யாரையும் கழுவச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. படுக்கை விரிப்பை, நோயாளித் துணிக்கென்று இருக்கும் சிவப்புப் பையில் கட்டிக்கொண்டிருந்தபோது, பெட்டியை எடுக்க வந்தவன் வாசலில் நின்றான்.

"நீங்க பாத்ததுக்கு முந்தின நாளே ஆரம்பிச்சிருச்சு, அண்ணி. என் பக்கத்துல நின்னவங்க மூணு பேர் படுத்துட்டாங்க."

மன்னிப்புக் கேட்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். தான் செய்தது சரி என்று அவளுக்கு ஆறுதல் வரவில்லை. ரொட்டி கேட்ட அந்தச் சின்னப் பெண் என்ன ஆனாள் என்பது அந்த மூன்று பேர் கணக்கில் இல்லை, அது மட்டும் நினைவுக்கு வந்தது. எழுந்து குமிழைத் துடைத்தாள்.

பதினோரு நாள் கழித்து வேறொரு துறைமுகத்தில் இறங்கி அவன் வீடு போய்ச் சேர்ந்தான். நோய் அதற்குள் ஓய்ந்திருந்தது. அது அவளால் ஓய்ந்ததா, தானாக ஓய்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. தங்கையிடமிருந்து ஒரு மாசம் பேச்சில்லை.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது.

"அக்கா, பாப்பாவுக்கு நேத்துலேருந்து வாந்தி."

சிறுநீர் போகிறதா, பால் குடிக்கிறதா என்று கேட்டாள். பால் கொடுப்பதை நிறுத்தாதே, சிறுநீர் குறைந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடு என்றாள். குழந்தையைத் தூக்குகிற ஒவ்வொருவரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும் என்றாள்.

"இதெல்லாம் அவரே சொல்லிட்டாருக்கா. அண்ணிகிட்டயும் ஒரு தடவை கேட்டுரலாம்னார்." தங்கை கொஞ்சம் தயங்கினாள். "நீ சாப்பிட்டியா?"

இன்னும் இல்லை என்றாள்.

மூன்றாம் நாள் குழந்தைக்குச் சரியாயிற்று. அதைச் சொல்லத் தங்கை இரண்டு தடவை கூப்பிட்டாள். வேலை முடிந்து காலணியைக்கூடக் கழற்றாமல் சாய்ந்தவள், போன் அடித்தது தெரியாமல் தூங்கிப்போயிருந்தாள்.