தொழிலில் உள்ளவர்கள்

1

இந்தக் கதை திருட்டுக் கதை. அக்கரைப்பற்று பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்து ஆளிடம் சொன்ன ஒற்றை வசனத்தைத் திருடினேன்: "ஜவுபருக்குப் பரிசு இரிக்கி, தரம் இல்ல." மிச்சத்தைக் கேட்கும் ஆசையில் சாய்ந்தமருதில் இறங்காமல் காரைதீவு வரை போனேன். அவர்களோ நெல் விலைக்குப் போய்விட்டார்கள். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'கல்முனைக் கடலில் சூரியன் உதித்தபோது ஜவுபர்...'

வேண்டாம். சூரியனிடம் யாரும் தரம் கேட்பதில்லை. ஜவுபரிடம் கேட்டார்கள்.

2

வருடம் 1981. ஜவுபர் இரவல் கமெராவில், வரிப்பத்தான்சேனை வயல்காரர்களை நடிக்கவைத்து எடுத்த குறும்படம் கொழும்பில் முதற்பரிசு வாங்கியது. அடுத்தது முழுநீளப் படம். விதைப்பிலிருந்து சூடடிப்பு வரை ஒரு பெரும்போக நெல் வேளாண்மை முழுவதையும் எடுக்கவேண்டும். போகமோ வாசலில் நிற்கிறது. ஆனால் தரம் பெற்ற நெறியாளரின் படத்தைத்தான் தியேட்டர்கள் எடுக்கும். கடைசித் தரமான மூன்றாம் தரத்துக்கே இரண்டு படங்களில் உதவியாளராக நின்றிருக்கவேண்டும். பரிசு ஒரு தகைமையல்ல என்றது, தரம் கொடுக்கும் கொழும்பு அலுவலகத்தின் கடிதம். கீழே ஒரு சின்னப் பொந்து விட்டிருந்தார்கள்: 'அல்லது, தொழிலில் உள்ளவர்களின் அங்கீகாரம்.'

(அலுவலகத்தின் பெயரைக் கேட்காதீர்கள். நான் உண்டாக்கியதுதான். பெயர் வைக்க மறந்துவிட்டேன்.)

ஜவுபருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றுக் கோப்பையோடு வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்தான். [இங்கே அவன் மனைவி கமீலா ஏதாவது சொல்லவேண்டும். சொல்கிறாள்:]

"இரிந்து தின்னுங்க. தரம் இல்லாட்டி சோறும் இறங்காதா?"

இறங்கவில்லை. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மீராசாஹிபுவிடம் ஓடினான். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை அவர். குறும்படத்திலும் மடை திறந்தவர் அவர்தான்.

"தொழில்ல உள்ளாக்கள் எண்டா ஆரு? நாமதானே மகன்!"

அவருக்குத் தொழில் என்றால் வேளாண்மை. கடற்கரையில் கேட்டிருந்தால் மீன்பிடி என்றிருப்பார்கள். சினிமாவும் ஒரு தொழில் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் தோன்றியதில்லை, சிலநேரம் ஜவுபருக்கே. அவன் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அந்தப் பிழை அவனுக்கு இனித்தது.

3

எப்போது தண்ணீர் திறப்பது என்பதை வயல்காரர்களின் கன்னக் கூட்டத்தில் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். எல்லாம் முடிந்த பிறகு மீராசாஹிபு எழும்பினார்.

"நம்மட ஜவுபர் டைரக்டர்தான் எண்டு ஒத்துக்கொள்ற ஆக்கள் கையத் தூக்குங்க!"

காய்ப்புப் பிடித்த கைகள் மளமளவென்று எழும்பின. கொழும்பில் பரிசு வாங்கியபோது கலங்காத கண் இங்கே கலங்கியது.

ஒரு கை மட்டும் மடியிலேயே கிடந்தது. வேலப்போடியின் கை.* அவரும் குறும்படத்தில் நடித்தவர்.

"என்ட முகத்தில பாதிதானே படத்தில வந்த. மத்தப் பாதி எங்க?"

"அது நிழல், போடியார். அப்பிடி எடுத்தாத்தான் வடிவு."

"நிழல ஆர் கேட்ட? முழு முகத்தோட இன்னொரு படம் எடு தம்பி. அப்ப தூக்கிறன்."

படம் எடுக்கத் தரம் வேண்டும். இந்தக் கைக்குப் படம் வேண்டும். ஜவுபர் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

* இவரை இரண்டு தரம் வெட்டினேன். கதை ஒழுங்காக ஓடியது, ஆனால் உயிரில்லை. திரும்பக் கூப்பிட்டேன். கோபத்தோடுதான் வந்தார்.

4

கொழும்பு அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் மூவர். தமிழ் தெரிந்தவர் கேட்டார்:

"தொழிலில் உள்ளவர்கள் அங்கீகரித்தார்களா?"

"ஓம் சேர்."

"எல்லோருமா?"

இன்னொரு ஓம் போட்டால் வேலை முடிந்தது. யார் வரிப்பத்தான்சேனைக்குப் போய் விசாரிக்கப்போகிறார்கள்?

"ஒராள் தூக்கல்ல சேர். அவர் செல்றதும் சரிதான்."

'அதிகாரி சிரித்தபடி மூன்றாம் தரத்தை...' எழுதினேன், கிழித்தேன். அலுவலகங்களை எனக்குத் தெரியும். 'ஜவுபர் கமெராவை மறந்து ஊரோடு...' பாதியில் நிறுத்தினேன். அவன் சோறு இறங்காமல் நடந்ததைக் கண்ட கமீலா என்னைச் சும்மா விடமாட்டாள்.

ஆகவே அவன் இன்னும் அந்த மேசைக்கு முன்னால்தான் நிற்கிறான். ஊரில் தண்ணீர் திறந்தாயிற்று. இவ்வளவு தூரம் வாசித்த நீங்களும் தொழிலில் உள்ளவர்கள்தானே? ஜவுபர் நெறியாளன்தான் என்று ஒத்துக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்.

என்னைப் பார்க்காதீர்கள். நான் தூக்க முடியாது. வேலப்போடியின் மற்றப் பாதி முகத்தை நானும் எழுதவில்லை.