ஒரே ஸ்டேஷனில் இறங்கியவர்கள்

"கடல் எவ்வளவு பக்கத்துல இருக்கு பாருங்க" என்று ரயில் நின்றதும் அவள் சொன்னாள். "ஆமா" என்றார் அவள் கணவர். கல்யாணமான ஒன்பதாம் நாள் நடந்த பேச்சு அது. அவர் கண்ணுக்குக் கடல் எதுவும் தெரியவில்லை. பிளாட்பாரம் முடிகிற இடத்தில் ஒரு மலை ஆரம்பித்து, பாதிக்கு மேல் மூடுபனியில் மறைந்திருந்தது. புது மாப்பிள்ளை எடுத்த எடுப்பிலேயே மறுத்துப் பேசக் கூடாது என்று ஆமா போட்டு வைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும், "நல்லா குளிருது, இல்ல?" என்று அவர் கேட்க, கழுத்து வியர்வையைத் துடைத்தபடி அவளும் ஆமா என்றாள். ஸ்டேஷன் ஒன்றுதான், டிக்கெட்டும் ஒன்றுதான். அவள் இறங்கியது கடற்கரையில், அவர் இறங்கியது மலையடிவாரத்தில்.

அந்த ஆமாவை இருவரும் பத்தொன்பது வருஷம் காப்பாற்றினார்கள். இத்தனைக்கும் இருவருமே அளவில் பிசகாதவர்கள். அவர் கடைகளின் தராசுகளைப் பழுதுபார்க்கிறவர். கால் கிராம் கூடக் காட்டினாலும் அவருக்குச் சோறு இறங்காது. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் டைப் செய்கிறவள். ஒரு புள்ளி இடம் மாறியதாக யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் ஐந்து நாள் அதே ஊர், அதே லாட்ஜ், அதே பன்னிரண்டாம் நம்பர் அறை. கட்டிலின் சுவரோரப் பாதியில் அவர் இரண்டு கம்பளிக்குள் சுருண்டுகொள்வார். ஜன்னலோரப் பாதியில் அவள் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொள்வாள். காற்று நடுக்கோட்டைத் தாண்டி வந்ததில்லை. லாட்ஜ் மேனேஜர் முதல் வருஷம் குழம்பினார். மூன்றாம் வருஷத்திலிருந்து சாவியோடு கம்பளியையும் கேட்காமலே நீட்டினார். ஊர் திரும்பும்போது அவருக்கு இருமல் இருக்கும், அவளுக்கு மூக்குத்தோல் உரிந்திருக்கும்.

வருஷம் தவறாமல் போய்வருகிறவர்கள் என்பதால் குடியிருப்பில் யார் சுற்றுலா கிளம்பினாலும் இவர்களிடம்தான் யோசனை கேட்டார்கள். இருவரும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார்கள். முன்பக்கம் அவர் கையெழுத்து: ஒன்பது மணிக்கு முன்னால் பனி விலகாது, அவசரப்பட வேண்டாம், ஏறும்போது தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கவும், உள்ளே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு ஸ்வெட்டர். பின்பக்கம் அவளுடையது: மத்தியான மணலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், ஈரத்துணிக்குத் தனிப் பை, கரையோரத்துச் செருப்பின் மேல் ஒரு கண் இருக்கட்டும். லாட்ஜில் வெந்நீர் ஆறரையிலிருந்து ஏழரை வரைதான் என்ற வரி மட்டும் இரண்டு பக்கத்திலும் இருந்தது. வாங்கிப் படித்தவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு வேறு ஊருக்குப் போனார்கள்.

அவள் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. கரையில் நின்று பார்த்தால் கணவர் காற்றில் ஏறிப் போவது தெரியும். முதல் வருஷம் விளக்குக் கம்ப உயரம். ஏழாவது வருஷம் தென்னை உயரம். சென்ற வருஷம், எத்தனை தென்னை உயரம் என்று எண்ண முடிந்தவரை எண்ணிய பிறகு, அவர் ஒரு புள்ளியாகி மேகத்துக்குள் போனார். இறங்கி வரும்வரை அவள் அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அண்ணாந்தே நின்றாள். ஊர் திரும்பிய மாதம் டாக்டர் அவர் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்துவிட்டு, இனிமேல் மாடிப்படியைக்கூட நின்று நின்று ஏறச் சொன்னார். அன்றிலிருந்து, ஏறாதீர்கள் என்ற ஒரு வார்த்தை தினமும் அவள் தொண்டை வரை வந்து திரும்பியது. சொன்னால், அந்த மலையைத் தான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது வருஷம் தன்னோடு வந்தவள் தன்னோடு இல்லவே இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டால்? இந்த வருஷ டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

இந்த நிலையில்தான் அவளுடைய தங்கை, அந்தத் தாளை நம்பி, கணவரோடு அங்கே போய்விட்டு வந்தாள். வந்த வேகத்தில் பையைத் தரையில் போட்டாள்.

"நாலு ஸ்வெட்டர், ரெண்டு நீச்சல் டிரெஸ், ஒரு குடை. கழுதை மாதிரி சுமந்துட்டுப் போனோம்க்கா. அங்க என்ன இருக்கு தெரியுமா? ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு பிஸ்கட் ஃபேக்டரி. தரை தோசைக்கல்லு மாதிரி தட்டையா கிடக்கு."

"பிஸ்கட் நல்லா இருந்தது" என்றார் சகலை.

"நீங்க சும்மா இருங்க. லாட்ஜ் மேனேஜர்கிட்ட கடலுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டேன். அவரு பன்னிரண்டாம் நம்பர் ஆளுங்களுக்குச் சொந்தமான்னு கேட்டுட்டு ஒரு கம்பளியக் கொடுக்கிறாரு. மாமா, தராசு பிடிக்கிற கையால உண்மையச் சொல்லுங்க. அங்க இருக்கிறது கடலா, மலையா?"

தராசுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவளைத் தங்கையின் வாயிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று மட்டும்தான் அவருக்குத் தோன்றியது. "கடல்தான்மா" என்றார். அதே நொடியில் அவள், "மலைதான்டி, நல்ல உயரம்" என்றாள்.

தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்" என்று சொல்லி, சகலையை இழுத்துக்கொண்டு போனாள்.

சமையலறையில் அவர் டம்ளர்களைக் கழுவினார், அவள் துடைத்து அடுக்கினாள். எதை எப்போது தொலைத்தோம், தொலைத்தோமா இல்லையா என்பதே இருவருக்கும் விளங்கவில்லை.

"நீ மலைன்னு சொல்லிட்ட" என்றார் கடைசியில்.

"நீங்க கடல்னு சொன்னீங்க."

"எனக்கு அங்க பாறைதான். நீ கழுத்தளவு பாறைக்குள்ள போய் நின்னு சிரிப்ப. நீ வெளிய வர்ற வரைக்கும் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதப் பார்க்க முடியாமத்தான் ஒவ்வொரு வருஷமும் மேல மேல ஏறிப் போயிடறேன்."

அவள் துணியை மடித்து வைத்தாள். மலை இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. அது இருப்பதால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தொண்டையில் ஒரு வருஷமாக நின்றது இப்போது தானாகவே வெளியே வந்தது.

"இந்தத் தடவை தனியா ஏறாதீங்க. என்னையும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. என் கண்ணுக்குப் படி தெரியாது. நீங்க சொல்லச் சொல்ல நான் கால வைக்கிறேன்."