கூரையில் புல்

அமெரிக்காவின் டகோட்டாப் புல்வெளியில் முதலில் குடியேறியவர்களின் வீடுகளை நீர்வண்ணத்தில் பதிந்துவைக்கக் கோவேறு கழுதையோடு கிளம்பிய ஏமஸ் டில்டனுக்குக் கறாரான ஒரு விதி உண்டு. இருப்பதை வரைவான், இல்லாததைக் காலில் விழுந்து கேட்டாலும் வரைய மாட்டான். ஒன்பது வருஷத்தில் ஒரு வீட்டுக்கும் ஒரு ஜன்னல்கூடக் கூடுதலாக வைத்ததில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிரதி ஒஹையோவில் இருக்கும் மனைவி லவினாவுக்குப் போகும். போன மாதம் அவள் எழுதியிருந்தாள்: "இருநூறு வீடு அனுப்பிவிட்டீர்கள். இதில் நம் வீடு எது?" அந்தக் கடிதம் சட்டைப்பையில் கிடந்து அவனை அரித்தது. பதில் இன்னும் எழுதவில்லை. அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

நார்வேக்காரன் டோர்கெலின் வீடு, வேரோடு வெட்டியெடுத்த புல்மண் கட்டிகளை அடுக்கிக் கட்டியது. கூரையில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது.

"படக்காரரே, நல்லா வரைஞ்சு குடுங்க. வீட்டைக் கண்ணால பாக்காம கப்பல் ஏற மாட்டேன்னு ஊர்ல என் பொண்டாட்டி ஒத்தக்கால்ல நிக்கிறா."

ஏமஸுக்குச் சங்கடமாகிவிட்டது. இந்த மண் பொந்தைப் பார்த்தால் எவள் கடல் தாண்டுவாள்? தன்னைப் போல இவனும் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று முதல்முறையாக விதியை மீறினான். புல்லை விட்டுவிட்டு அழகாகப் பலகைக் கூரை போட்டான்.

டோர்கெலின் முகம் தொங்கிப்போனது. "இது எவன் வீடு?"

"கூரையில புல்லு மண்டிக் கிடந்தா நல்லாவாப்பா இருக்கும்?"

"என்னங்க நீங்க! எங்க ஊர்ல எல்லார் வீட்டுக் கூரையிலயும் புல்லுதான். ஆடு ஏறி மேயும். கூரை மேல நின்னு ஆட்டை வெரட்டுறப்பதான் அவளை மொதமொதல்ல பாத்தேன். அந்தப் புல்லைப் பாத்தாத்தான் அவ வருவா!"

காய்ந்த வண்ணத்தை அழிக்க முடியாது. வேறு தாளில், புல்லோடு, மறுபடி வரைந்து கொடுத்தான். டோர்கெல் அதை ஈரம் காயுமுன்பே மார்போடு அணைக்கப் போய்த் திட்டு வாங்கினான்.

பலகைக் கூரை வீடு மிஞ்சியது. கிழிக்கப் போன ஏமஸ் கையை நிறுத்தினான்.

"டோர்கெல், பக்கத்து நிலம் யாரோடது?"

"யாரும் இன்னும் வரலை. மொதல்ல வந்து குடியேறுறவங்களுக்குத்தான்."

ஏமஸ் தாளைத் திருப்பி எழுதினான்: "லவினா, அந்த இருநூறில் நம் வீடு இல்லை. இதுதான். இன்னும் கட்டவில்லை. எத்தனை ஜன்னல் வேண்டும், சொல்."