சாகாவை முந்திய சிலிப்பர்

பிரிக்பீல்ட்ஸில் ஒரே காலையில் புத்தம்புது புரோட்டோன் சாகா காரை மூன்று தடவை முந்தியவர் நாகையா. கால்நடையாக. அதுவும் தேய்ந்துபோன ஜப்பான் ரப்பர் சிலிப்பரில்.

எண்பத்தாறாம் வருஷம். ரயில்வேயில் ஓய்வு பெற்ற நாகையாவும் மனைவி வீரம்மாவும் வெள்ளிக்கிழமைதோறும் மளிகைக்கடைக்குச் சேர்ந்தே நடப்பார்கள். எட்டு நிமிஷ வழி. அவள் ஊர்க்கதை சொல்வாள், இவர் அதை இரட்டிப்பாக்கித் திருப்பித் தருவார். பக்கத்து வீட்டுச் சபாபதி சாகா வாங்கினார், எல்லாம் போயிற்று.

"வாங்கக்கா, ஜில்லுன்னு ஏர்கோன்ல போயிட்டு வந்திரலாம்" என்று சபாபதியின் மனைவி சீதாலெட்சுமி கூப்பிட, வீரம்மா பவுடர் பூசிக்கொண்டு ஏறினாள். அந்தப் பவுடரைத்தான் நாகையாவால் தாங்க முடியவில்லை. தன்னோடு நடந்த காலத்தில் ஒரு நாளாவது பூசியிருப்பாளா?

மூன்றாவது வெள்ளி வயிற்றெரிச்சல் பொறுக்காமல், வெற்றிலை வாங்கும் சாக்கில் அவரும் கிளம்பினார். மெயின் ரோட்டு நெரிசலில் சாகா நின்ற இடத்திலேயே புகை விட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, பின்சீட்டில் பெண்கள் பேச்சில் மூழ்கியிருந்தார்கள். நாகையா தாண்டிப் போனார். வீட்டில் வெற்றிலையை வைத்துவிட்டு, வாழையிலைக்கென்று மறுபடி வந்தார். சாகா நிறுத்த இடம் தேடி ஊர்ந்துகொண்டிருந்தது. அப்போதும் தாண்டினார்.

தேங்காய்க்கென்று மூன்றாவது தடவை வந்தபோதுதான் விருந்தே. அந்தத் தெருவில் அடுத்தவன் காரை மறித்து நிறுத்துகிறவன் ஹேண்ட்பிரேக் போடக்கூடாது, வேண்டியவர்கள் தள்ளிக்கொள்வார்கள். சாகாவை மறித்திருந்த பழைய காருக்கு எவனோ ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுப் போயிருந்தான். சபாபதி சட்டை நனைய அதைத் தள்ளிக்கொண்டிருந்தார். பெண்கள் சாகாவின் பின்சீட்டில் இன்னும் பேச்சை விடவில்லை.

"நல்லாத் தள்ளு சபாபதி. உடம்புக்கு நல்லது லா."

சொல்லிவிட்டு நாகையா நடையைக் கட்டினார்.

கார் வீடு வந்தபோது நாகையா காப்பி குடித்து முடித்திருந்தார்.

"மூணு தடவை முந்திட்டேன், வீரம்மா."

"சும்மா இருங்க. நீங்க சொல்றதுல முக்கால்வாசி காத்து."

வாழ்நாளில் முதல் தடவையாகக் கூட்டாமல் சொன்னது. அதுதான் எடுபடவில்லை. வாரம் முழுக்க நாகையாவுக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது, மூன்றாவது தட்டு இறங்கவில்லை.

அடுத்த வெள்ளி வாசலில் ஹார்ன் அடித்தது. நாகையா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். வீரம்மா கார் ஜன்னலில் குனிந்தாள்.

"ஏன் தம்பி, போன வாரம் இவரு உங்களை எத்தனை தடவை தாண்டினாரு?"

சபாபதி ஸ்டீயரிங்கைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மூணுக்கா. எண்ணினேன்."

வீரம்மா நிமிர்ந்தாள். "அப்ப நீங்க போங்க, சீதா. எனக்குப் பதினோரு மணிக்குள்ள சமையல் முடியணும், அவசரம்." பிறகு பேப்பரைப் பிடுங்கி மடித்தாள். "எந்திரிங்க, போவோம். நெசந்தான், முந்தியிருக்கீங்க."