கோர்வை பாதியில் நிற்கிறது

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் வாங்கிய திட்டிலிருந்து பிறந்தது.

காஞ்சிபுரத்தில் ஒரு நூலகக் கூட்டம். என் கதைகளை ஆளாளுக்குப் புகழ்ந்து முடித்தபின், பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். "நீ எழுதுற பொம்பளைங்க அழறாங்க, சமைக்கிறாங்க, ஜன்னலாண்ட நின்னுக்கினு யோசிக்கிறாங்க. ஒருத்தியாச்சும் கொல்லைப் பக்கம் போறாளாம்மா? அவங்களுக்கு வயிறுன்னு ஒண்ணு கிடையாதா?" என்று கேட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினால், அட கஷ்டமே, ஒருத்திகூடப் போகவில்லை. இத்தனை வருஷம் எழுதி என்ன கிழித்தேன்?

சரி, போகவைப்போம் என்று உட்கார்ந்தேன். அதுவும் சும்மா போகிறவளை இல்லை. போக முடியாமல் தவிக்கிறவளை. மாதவிடாய் நின்றுபோன வயதில் பாதிப் பெண்களுக்கு இந்த அவஸ்தை உண்டு, ஒருத்தியும் வாய் திறப்பதில்லை. முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'காமாட்சியம்மன் கோயில் மணி ஓசை பெரிய காஞ்சிபுரத்து வீதிகளில் தவழ்ந்து வந்த அந்த அதிகாலையில்...'

(வேண்டாம். காஞ்சிபுரம் என்றதும் மணி அடித்தே ஆகவேண்டுமா?)

இரண்டாம் தொடக்கம்: 'பட்டு இழைபோல மெலிந்த தேகம் கொண்ட கிருஷ்ணவேணி...'

(பொய். இவள் நல்ல பூசினாற்போல இருப்பாள். ஒரு நோயாளியைச் சொல்லவேண்டுமென்றால் உடனே மெலியவைத்துவிடுகிறது இந்தக் கை.)

மூன்றாம் தொடக்கம்: 'கிருஷ்ணவேணி வெளிக்குப் போய் நாளாகிவிட்டது.'

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

வருஷம் 1967. அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தூரம், அதாவது மாதவிடாய், நின்று ஒன்றரை வருஷம் இருக்கும். புருஷன் உமாபதி பட்டு நெசவாளி. வீட்டு நடுக்கூடத்தில் குழித்தறி, அதில் நெடுக்கே இழுத்துக் கட்டிய பாவு நூல். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று இரண்டையும் பின்னிச் சேர்த்து நெய்கிற கோர்வைப் புடவைதான் அவர்கள் நெய்வது. இதை ஒற்றை ஆளால் நெய்ய முடியாது. உமாபதி குழிக்குள் உட்கார்ந்து உடலுக்கும் இடது கரைக்கும் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை வீசுவான். வலது கரைக்கு ஒரு ஆள் வேண்டும். பலகை போட்டு வலப்பக்கம் உட்கார்ந்து, அவன் வீசும்போதெல்லாம் கரை நாடாவைத் தள்ளி வாங்கும் அந்த ஆள் கிருஷ்ணவேணி. அவள் எழுந்தால் தறி நின்றுவிடும்.

இப்போது அவள் பயத்தைச் சொல்லியாகவேண்டும். அவளுடைய அக்கா வயிற்றில் கட்டி வந்து செத்தாள். ஆரம்பம் இப்படித்தான். முதலில் வெளிக்குப் போகவில்லை, அப்புறம் வயிறு கல்லாட்டம் ஆனது, அப்புறம் ஆளே இல்லை. இவளும் தினமும் அடிவயிற்றைத் தடவித் தடவிப் பார்க்கிறாள். இடதுபக்கம் என்னவோ கெட்டியாகத் தட்டுப்படுகிறது. நமக்கும் வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் நிஜமாகிவிடுமோ என்று பயம், பாவம்.

3

உமாபதியோடு எனக்குத் தகராறு.

முதல் பிரதியில் அவனைக் கொடுமைக்காரனாக எழுதினேன். 'எழுந்தே, காலை ஒடிப்பேன்' என்று கத்தவைத்தேன். சௌகரியமாக இருந்தது. ஆனால் அவன் அந்த வசனத்தைச் சொல்லவே மாட்டேன் என்கிறான். பெண்டாட்டிக்கு முதல் கவளம் வைத்துவிட்டுத் தின்கிறவன் அவன். வெற்றிலையைக்கூட இரண்டாகக் கிள்ளிக் கொடுப்பான். நெய்யும்போது எதையாவது முணுமுணுத்துப் பாடுவான், சுருதி சேராது. இவனை வில்லனாக்கினால் எழுதுகிறவள்தான் மோசக்காரி.

அப்படியானால் தப்பு யார்மேல்? அதை இன்னும் நான் கண்டுபிடிக்கவில்லை. வாருங்கள், சேர்ந்தே தேடுவோம்.

4

பக்கத்துக் குடித்தனம் மணியம்மாள். பர்மாவில் தமிழர்களைத் துரத்தியபோது ரங்கூனிலிருந்து மூட்டை முடிச்சோடு கப்பலேறி வந்தவள். தெருவே அவளை ரங்கூன் அக்கா என்றுதான் கூப்பிடும். அங்கே சீனர் தெருவில் குடியிருந்தாளாம். எதிர்வீட்டுச் சீனக்கிழவி உடம்பில் அங்கங்கே விரலால் அழுத்தித் தலைவலி, வயிற்றுவலி எல்லாம் போக்குவாளாம். பார்த்துப் பார்த்து இவளுக்கும் கை பழகிவிட்டது. (பாதிப் பேர் இவளை நம்புவதில்லை. இவள் சொல்கிற ரங்கூன் கதைகளில் பாதியை நானே நம்புவதில்லை.)

குழாயடியில் கிருஷ்ணவேணி குடத்தைத் தூக்கும்போது முகம் சுருங்கியதைப் பார்த்தாள்.

"இன்னா வேணி, வயிறா?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாமத்தான் மூஞ்சி இப்படிக் கோணுதா? போய் எத்தினி நாளாச்சு?"

கிருஷ்ணவேணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. விரலை மடக்கிக் காட்டினாள்.

"அடிப்பாவி! உள்ள வா."

மணியம்மாள் அவளைத் தன் வீட்டுப் பாயில் உட்காரவைத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேடிட்ட சதையைப் பிடித்து அழுத்தினாள். "அய்யோக்கா!" என்று அலறினாள் இவள். "வலிக்குதுல்ல? அதான் எடம்," என்று இன்னும் அழுத்தினாள் அவள். அப்புறம் முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளி, எலும்புக்கு வெளிப்பக்கம். அப்புறம் தொப்புளைச் சுற்றி உள்ளங்கையால் மெதுவாக ஒரு வட்டம்.

"புள்ளத்தாச்சிங்க கையில இந்த எடத்த அமுக்கக் கூடாது. உனக்குத்தான் அந்தக் கவலை தீந்துடுச்சே. காலையில எழுந்ததும் வெந்நீ குடி. கொஞ்ச நேரம் அமுக்கு, விடு, மறுபடி அமுக்கு. தானா வரும்."

"வருமாக்கா?"

"வராம எங்க போவுது?"

[அடிக்குறிப்பு: இது கதை, வைத்தியக் குறிப்பு இல்லை. வலி விடாமல் இருந்தால், ரத்தம் பட்டால், டாக்டரிடம் ஓடுங்கள். என்னிடம் வராதீர்கள்.]

5

காலையில் எழுந்ததும் என்று சொல்லிவிட்டாள் மகராசி. நெசவுக்காரன் வீட்டில் காலை என்று ஒன்று பெண்பிள்ளைக்கு இருக்கிறதா? குழாயில் தண்ணீர் வருவதும் அப்போதுதான், அடுப்பு மூட்டுவதும் அப்போதுதான். கொல்லையில் மூன்று குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ், தகரக்கதவு. காலையில் அதன் முன்னால் ஒரு வரிசை நிற்கும். கூடத்திலிருந்து "வேணி, பாவு காத்துக்கினு இருக்குது" என்ற குரல் வேறு.

ஆகவே கிருஷ்ணவேணி ஒரு உபாயம் செய்தாள். நாடாவைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும் இடைவெளியில் கைச்சதையை அழுத்திக்கொண்டாள். தள்ளு, அழுத்து, வாங்கு, அழுத்து. உமாபதி கவனித்துவிட்டு, "கை வலிக்குதா?" என்றான். "மரத்துப் போச்சு," என்றாள். அவன் பாவம், தன் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக் கொடுத்தான்.

வாரக் கடைசியில் ரங்கூன் அக்காவிடம் போய் அழுதாள்.

"ஒண்ணும் பலிக்கலக்கா. எங்க அக்காளுக்கு வந்ததுதான் எனக்கும் வந்துட்டுது. கட்டிதான்."

"இரு இரு. அமுக்கினா ஒண்ணுமே வரலியா?"

"வருது."

"வருதா? அப்புறம்?"

"போயிடுது."

"எங்கடி போயிடுது?"

"அடக்கிக்கினேன்க்கா. கோர்வை ஓடிக்கினு இருந்துது. இந்தக் கரை முடியட்டும், இந்தக் கரை முடியட்டும்னு..."

மணியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "வருதுன்னா வைத்தியம் பலிச்சிடுச்சுடி, அறிவுகெட்டவளே! வர்றவன மூஞ்சில கதவச் சாத்தி அனுப்பிட்டு வரலை வரலைன்னு அழறியே! இத்தினி வருஷமா இப்படித்தான் அடக்குறியா? முன்னல்லாம் எப்படிப் போனே?"

"முன்னல்லாம் மாசா மாசம் அந்த மூணு நாள் தறியத் தொடக் கூடாது இல்ல? அவரு பட்டு வாங்க, சாயம் போடன்னு வெளிய போயிடுவாரு. நான் கொல்லையாண்ட சும்மா குந்திக்கினு இருப்பேன். தண்ணி குடிப்பேன். வந்தா போவேன். அந்த மூணு நாள்லயே வயிறு..."

கிருஷ்ணவேணி பேச்சை நிறுத்திவிட்டாள்.

நானும் எழுதுவதை நிறுத்திவிட்டேன். சத்தியமாக எனக்கு இது முன்பே தெரியாது. தூரம் நின்றதில் உடம்பு வறண்டுபோய் வயிறு கெட்டது என்றுதான் எழுத நினைத்திருந்தேன். அதுவும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் நின்றுபோனது தூரம் மட்டுமில்லை, இவளுடைய விடுமுறையும்தான். தீட்டு என்று ஒதுக்கிவைத்த மூன்று நாள்தான் இவளுக்குக் கிடைத்த ஓய்வு. அதுவும் போனபின் முப்பது நாளும் பலகைமேல். அந்த வழக்கத்துக்கு நன்றி சொல்வதா, அதன் தலையில் மண்ணைப் போடுவதா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

6

முடிவுகள் கைவசம் சில இருக்கின்றன.

அ) நிஜமாகவே கட்டி. கிருஷ்ணவேணி இறக்கிறாள். அவள் விட்ட கரையை உமாபதி தனியே பார்த்தபடி...

(அடித்துவிட்டேன். ஒரு சாவு போட்டால் கதைக்குக் கனம் வரும் என்று எனக்கும் தெரியும். வேண்டாம். இவள் சாகக்கூடாது.)

ஆ) ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "கட்டியும் இல்லை ஒன்றும் இல்லை, அடைத்துக்கொண்டதுதான் கையில் தட்டுப்படுகிறது" என்கிறார்.

(இது நடந்தது. ஆனால் கதை முடிந்த மறுவாரம். உங்கள் நிம்மதிக்காக முன்கூட்டியே சொல்கிறேன், பதறாமல் மேலே படியுங்கள்.)

இ) ரங்கூன் அக்காவிடம் அழுததற்கு மறுநாள், நடுப்பகல். இதைத்தான் எழுதப்போகிறேன்.

7

மறுநாள் நடுப்பகல். முகூர்த்தப் புடவை. அரக்கு உடல், பச்சைக் கரை. உமாபதி பாடிக்கொண்டே நாடாவை வீசினான். கிருஷ்ணவேணி தள்ளினாள், அழுத்தினாள், வாங்கினாள். வயிற்றுக்குள் குடுகுடுவென்று என்னமோ புரண்டது. வந்துவிட்டது.

இந்தக் கரை முடியட்டும் என்றது பழக்கம். செத்துப்போன அக்காவின் வயிறு நினைவுக்கு வந்தது. அவளும் இப்படித்தான் ஒரு தறிக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவள்.

நாடாவைப் பாவின்மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

உமாபதியின் பாட்டு நின்றது. "எங்க போறே?"

"கொல்லைக்கு."

"கோர்வை பாதியில நிக்குது, வேணி."

"நிக்கட்டும்."

இப்படி ஒரு வார்த்தையை நாமா சொன்னோம் என்று அவளாலேயே நம்பமுடியவில்லை. அதை யோசிக்கவும் நேரமில்லை. ஓடினாள். போய்ப் பார்த்தால், தகரக்கதவு சாத்தியிருக்கிறது!

"யாரு உள்ள?"

"நான்தான்," என்றது ரங்கூன் அக்காவின் குரல், சாவகாசமாக.

"அக்கா, சீக்கிரம் வாக்கா! வந்துட்டுது!"

"வந்துட்டுதா? அட என் ராசாத்தி! அடக்காத, அடக்காத, தோ வந்துட்டேன்!"

மணியம்மாள் புடவையை அள்ளிப் பிடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள், கிருஷ்ணவேணி உள்ளே பாய்ந்தாள். தாழ்ப்பாள் விழுந்தது.

இந்த இடத்தில் நான் நின்றுகொள்கிறேன். அந்தக் கதவுக்கு அந்தப்பக்கம் ஆசிரியருக்கும் வேலையில்லை, வாசகருக்கும் வேலையில்லை. மணியம்மாள் மட்டும் வெளியே காவல் நின்று, வந்த ஆட்களையெல்லாம் "போ போ, அப்புறம் வா" என்று விரட்டிக்கொண்டிருந்தாள். நெடுநேரம் ஆயிற்று. பிறகு உள்ளேயிருந்து "அப்பாடா!" என்று ஒரு சத்தம் வந்தது. அதை எழுத எனக்கு எழுத்து போதவில்லை.

8

கிருஷ்ணவேணி கை கால் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். உடம்பு காற்றாக இருந்தது. அடிவயிற்றைத் தடவிப் பார்த்தாள். இடதுபக்கம் மெத்தென்று இருந்தது. கெட்டியாக இருந்ததைக் காணோம்.

உமாபதி குழியிலேயே உட்கார்ந்திருந்தான். வலது கரை நாடாவை எட்டிப் பிடிக்க முயன்று பார்த்திருக்கிறான் போல, பாவு கொஞ்சம் கலைந்திருந்தது.

"கட்டி இல்லீங்க!" என்றாள். சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தது. "எனக்குக் கட்டி இல்லீங்க!"

"எந்தக் கட்டி? இன்னா சொல்றே?"

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அக்காவை, பயத்தை, கல்லான வயிற்றை, அடக்கி அடக்கி உட்கார்ந்த மத்தியானங்களை. குழியிலிருந்து மெல்ல மேலே ஏறி வந்து அவள் எதிரில் நின்றான். கோபமில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

"ஒரு வார்த்தை, எழுந்து போறேன்னு சொல்லியிருந்தா, நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

('சொல்லியிருக்க மாட்டீங்கதான்...' என்று எழுதினேன். அப்படியானால் இத்தனை வருஷமும் அவள் மேல்தான் குற்றம் என்றாகிறது. அடித்தேன்.)

('கேட்டுட்டுத்தான் போவணுமா?' என்று எழுதினேன். இது என் குரல், அவளுடையது இல்லை. இதையும் அடித்தேன்.)

('நீங்க என்னிக்காச்சும் என்னைக் கேட்டுட்டு எழுந்தீங்களா?' ...)

என்னால் முடியவில்லை. அவனும் காத்திருக்கிறான், கோர்வையும் பாதியில் நிற்கிறது. அவளோ வயிறு லேசாகி, வாய் நிறையச் சிரிப்போடு நிற்கிறாள், அவசரமே இல்லை. பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் ஐம்பது தாண்டிய ஒருத்தி இருப்பாள், அவளைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். கூப்பிட்ட குரலுக்கு அவள் வரவில்லையென்றால் மறுபடி கூப்பிடாதீர்கள். கொல்லைக்குப் போயிருப்பாள், வரட்டும்.