ஆறு பாகங்களுக்கான சேத அறிக்கை

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கணக்கு டீச்சரைப் பார்த்து, "உங்க சக்தி எங்கிட்ட பலிக்காது" என்று சொல்லிவிட்டாள். பள்ளியே ஆடிப்போயிற்று. காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை: நூலகத்திலிருந்த ஆறு பாக மாயாஜால நாவல். பெண்பிள்ளைகள் அதை வரிசையில் நின்று எடுத்துப் போனார்கள். பிள்ளைகள் அடித்துப்பிடித்துக்கொண்டு படிக்கிறார்கள் என்றால் அது கெட்டதாகத்தானே இருக்கும்.

பெற்றோர் சங்கம் கூடியது. தலைவர் பல் டாக்டர். வாயைத் திறந்துவைத்துக்கொண்டு படுத்திருப்பவர்களிடமே இருபது வருடம் பேசிப் பழகியவர். பதில் என்று ஒன்று வரக்கூடும் என்பதையே மறந்திருந்தார். "யாராவது படிச்சிட்டு ஒரு ரிப்போர்ட் குடுங்க. அப்புறம் லைப்ரரிலேர்ந்து எடுத்துடலாம்" என்றார். முறைப்படி விசாரித்துத்தானே ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு வர வேண்டும்.

அந்த வேலை சங்கத்திலிருந்த ஓர் அம்மாவின் தலையில் விழுந்தது. அடிபட்ட கார்களைப் பார்த்து, எது விபத்தில் நசுங்கியது, எது அதற்கு முன்பே நசுங்கிக் கிடந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பவள் அவள். மகளும் அதே எட்டாம் வகுப்பு. நூலகர் ஆறு பாகங்களையும் பையில் போட்டுக் கொடுத்தார்.

"நீ கிண்டல் பண்ணத்தான் படிப்ப" என்றாள் மகள்.

கிண்டல் செய்யத்தான் செய்தாள். கதாநாயகிக்குப் பதினேழு வயது. வெள்ளி நிறக் கூந்தல். நாலு நாள் காட்டில் ஓடினாலும் சிக்கு விழாது. உள்ளங்கையில் மின்னல். காதலிக்க இரண்டு இளவரசர்கள், இருவருக்கும் வேறு வேலை கிடையாது. அம்மா முதல் அத்தியாயத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறாள். அதுவும் நியாயம்தான். அம்மா இருந்திருந்தால், டிராகன் மேல் ஏறப்போகிறவளை "சாப்பிட்டியா, பாத்ரூம் போனியா" என்று கேட்டே கதையை முடித்திருப்பாள்.

இரண்டாம் பாகத்தை ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து படித்தாள். பார்க்க வேண்டிய வண்டியை இன்னும் வெளியே எடுக்கவில்லை. கதையில் போர் ஆலோசனை. எட்டுத் தளபதிகள் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். கதாநாயகி உள்ளங்கையை உயர்த்துகிறாள். மெழுகுவர்த்திகள் அணைகின்றன. எட்டுப் பேரும் உட்கார்ந்து, அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார்கள்.

அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தாள். மின்னலைக்கூட நம்பிவிடலாம். எட்டு ஆண்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள் என்பதுதான் அபாரமான கற்பனை.

"மேடம், சார் எப்ப வருவாரு?" என்றார் வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்திய ஒர்க்‌ஷாப் ஓனர். பன்னிரண்டு வருடமாக எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இதே கேள்வி.

"சார்லாம் யாரும் இல்ல. நான்தான் பாக்க வந்திருக்கேன்."

"அப்படியா. அந்தப் பின்கதவும் போன வாரம் இடிச்சதுலதான் போச்சு மேடம். உங்களுக்குச் சொன்னாப் புரியாது, வண்டி எப்படின்னா..."

அவள் உள்ளங்கையை உயர்த்தினாள். ஏன் உயர்த்தினாள் என்று அவளுக்கே தெரியாது. "இருங்க. நான் பேசி முடிச்சுடறேன். அந்தக் கதவுல இருக்கிற கீறல் முழுக்கத் துரு. ஒரே வாரத்துல எப்படிங்க இவ்வளவு துரு ஏறும்?"

ஒரு விளக்கும் அணையவில்லை. ஆனால் ஓனர் பேச்சை நிறுத்திவிட்டார். அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். மின்னல் எதுவும் இல்லை, கிரீஸ் கறைதான்.

மீதி நான்கு பாகங்கள் நான்கே நாளில் முடிந்தன.

கூட்டத்தில் டாக்டர் எழுந்தார். "மேடம் எல்லாத்தையும் படிச்சிட்டாங்க. இது பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னு..."

"டாக்டர், நான் இன்னும் வாயே திறக்கல."

அவருக்கு இது புது அனுபவம். உட்கார்ந்துவிட்டார்.

"இடிச்ச இடத்தைப் பாக்காம நான் எழுதறதில்ல" என்று ஆரம்பித்தாள் அவள். "அதனால அந்தப் பொண்ணுகிட்டயே பேசினேன். புத்தகத்தால சேதம் எதுவும் இல்ல. அடி ஒண்ணு இருக்கு, ஆனா அது பழசு. மூணு மாசமா கணக்கு டீச்சர் அவளை 'மண்டு'ன்னுதான் கூப்பிடறாங்களாம். இங்க யாராவது அவளைக் கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் திடீரென்று மேஜையின் மரவேலைப்பாடு பிடித்துப்போயிற்று. தலைமையாசிரியை மட்டும் எதையோ குறித்துக்கொண்டார். மறுநாளே கணக்கு டீச்சருக்கு அந்தப் பெண்ணின் பெயர் ஞாபகம் வந்துவிட்டது.

ஆனாலும் தலைவருக்கு மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. "ஒருத்தர் சொல்றதை மட்டும் வச்சு முடிவெடுக்க முடியாது" என்றார் டாக்டர். "நம்ம சங்கக் கமிட்டில ஆறு பேர் இருக்கோம். ஆளுக்கு ஒரு பாகம் எடுத்துட்டுப் போய்ப் பாப்போம்."

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து போன். "மேடம், எங்கிட்ட முதல் பாகம்தான் இருக்கு. ரெண்டாவது யார்கிட்ட? விசாரணைக்காகத்தான் கேக்கறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சும்மா ஒரு சந்தேகம். அந்தப் பெரிய இளவரசன் துரோகியா?"

"படிச்சுத் தெரிஞ்சுக்கோங்க டாக்டர்."

இரண்டு மாதம் ஆயிற்று. கமிட்டியின் விசாரணை தீவிரமாக நடக்கிறது. ஒருவர் முடித்ததை அடுத்தவர் வாங்கிக்கொள்கிறார். நூலகத்துக்கு இன்னும் ஒரு பாகம்கூடத் திரும்பவில்லை. வரிசையில் பிள்ளைகள் மட்டும் நிற்கிறார்கள்.

"பேசாம தடையே பண்ணியிருக்கலாம்மா" என்றாள் மகள். "திருட்டுத்தனமாவாவது படிச்சிருப்போம்."