மணி அடித்தால் ஓடுகிறவர்

எங்கள் வீட்டில் அழைப்பு மணி அடித்தால் நாடகம் தொடங்கிவிடும். என் கணவர் கரண்டியைப் போட்டுவிட்டு ஹாலுக்குப் பாய்ந்து பேப்பரை விரிப்பார். நான் ஸ்க்ரூடிரைவரை ஒளித்துவிட்டு, சமைத்துக்கொண்டிருந்தவள்போல் தோளில் துண்டோடு போய்க் கதவைத் திறப்பேன். எல்லாம் மாமியாருக்குப் பயந்துதான். தன் மூத்த மகன் பாத்திரம் தேய்த்ததைப் பார்த்த அன்றே, ‘பொண்டாட்டிதாசன்’ என்று சொந்தபந்தமெல்லாம் தண்டோரா போட்டவர் அவர். அடுத்து தன் தலை உருளும் என்று இவருக்கு உதறல். வெட்கக்கேடு! நானும் ஒத்து ஊதினேன்.

அன்று நான் ஸ்டூலில் ஏறி மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் குளியலறையில் எங்கள் எட்டு மாதக் குழந்தையைத் தொட்டியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். மணி அடித்தது.

இறங்கி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிக் கதவைத் திறந்தேன். மாமியார்தான்.

“ஆட்டோக்காரர் பையை எடுத்துட்டு வர்றாரு. எங்கடி என் தங்கம்?”

திரும்பினேன். அவர் சோபாவில், பேப்பரோடு. மடியில் குழந்தை இல்லை. அவர் என் தோளைப் பார்த்தார். துண்டு மட்டும்தான் இருந்தது. நான் தூக்கியிருப்பேன் என்று அவர், அவர் தூக்கியிருப்பார் என்று நான்.

குளியலறையில் சத்தமே இல்லை. ஐயோ, அந்த அமைதி!

ஓடினோம். தொட்டியில் சரிந்து கிடந்தாள், முகம் தண்ணீருக்குள். அவர் வாரியெடுத்துக் குப்புறப் பிடித்து முதுகில் தட்டினார். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார். சட்டென்று இருமினாள், தண்ணீரைக் கக்கினாள், வீடே அதிர அழுதாள்.

மாமியார் என் மேல்தான் பாய்ந்தார். “பச்சப் புள்ளையத் தண்ணில விட்டுட்டுக் கதவத் திறக்க வந்தியா? நீயெல்லாம் ஒரு தாயா?”

நான் என் கணவரை முறைத்தேன். இப்போதும் இந்த மனிதர் ஒளிந்தால், இவரோடு எனக்கு வாழ்க்கை இல்லை.

அவர் கையில் முழங்கை வரை நுரை. “அவ இல்லம்மா. நான்தான் குளிப்பாட்டிட்டிருந்தேன். பெல் அடிச்சதும் விட்டுட்டு ஓடிட்டேன்.”

“நான் பெல் அடிச்சா நீ எதுக்குடா ஓடணும்?”

நான்தான் சொன்னேன். “உங்க பெரிய மகன நீங்க பேசின பேச்சுக்குத்தான் அத்தை.”

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மறுபடி மணி அடித்தது. ஆட்டோக்காரராகத்தான் இருக்கும். அது தெரிந்தும், என் கணவரின் கால் தானாக ஹால் பக்கம் நகர்ந்தது. மாமியார் அதைப் பார்த்துவிட்டார்.

“நில்லுடா!” குரல் உடைந்தது. “புள்ளையக் கீழ விடாத. நான் போய்த் திறக்கறேன். அந்த ஆட்டோவுலயே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.”